ஆற்காடு இல்லாத தென்னாற்காடு

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து வீடுகளில் பழைய நிலப் பத்திரம் எதையாவது எடுத்துப் பிரித்துப் பாருங்கள். "தென்னாற்காடு ஜில்லா, திண்டிவனம் தாலுகா" என்று இருக்கும். அதே நிலத்தை இன்று விற்றால் புதுப் பத்திரத்தில் விழுப்புரம் மாவட்டம் என்று எழுதுவார்கள். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வரப்பும் கிணறும்கூட அப்படியே. மாவட்டம் மட்டும் காணாமல் போய்விட்டது!

இன்று கல்லூரியில் படிக்கிற யாருமே தென்னாற்காட்டில் பிறந்திருக்க முடியாது. அந்த மாவட்டம் 1993-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. ஆனால் தாத்தா பாட்டி பேச்சில் இன்னும் "சவுத் ஆற்காடு" வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படி என்னதான் இருந்தது அந்த மாவட்டத்தில்? ஏன் உடைத்தார்கள்? உடைத்ததில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பெயரிலேயே ஒரு வேடிக்கை

முதல் வேடிக்கை, தென்னாற்காட்டில் ஆற்காடு கிடையாது. ஆற்காடு நகரம் வடாற்காட்டில் இருந்தது. பிறகு வேலூர் மாவட்டத்துக்குப் போனது, 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ஆற்காட்டு நவாப்பின் ஆட்சிப் பகுதி 1801-இல் உடன்படிக்கை மூலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதன் தெற்குப் பகுதி தென்னாற்காடு ஆனது. அதாவது இந்த ஊர்க்காரர்கள் 190 வருஷத்துக்கும் மேலாக, தங்கள் மாவட்டத்தில் இல்லாத ஓர் ஊரின் பெயரை முகவரியில் எழுதி வந்திருக்கிறார்கள்.

எல்லை போட்ட கதை இன்னும் வேடிக்கை. 1690-இல் கடலூர் பக்கம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியை ஆண்ட மராத்தியரிடமிருந்து கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலம்! சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களுக்கு "குண்டு கிராமங்கள்" என்றே பெயர் வந்தது. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. பின்னால் தென்னாற்காட்டின் தலைநகரம் கடலூரில் அமைந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கவனியுங்கள். தலைநகரம் அமைந்தது கடற்கரையில், மாவட்டத்தின் ஒரு ஓரத்தில். கப்பலில் வந்த வியாபாரிக்கு அது வசதி. உள்நாட்டில் இருந்தவர்களுக்கு?

கலெக்டரைப் பார்க்க எத்தனை மைல்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாற்காட்டில் 8 தாலுகாக்கள் இருந்தன: கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திண்டிவனம், திருவண்ணாமலை. ஆமாம், திருவண்ணாமலையும் அப்போது தென்னாற்காடுதான். பிறகுதான் அது வடாற்காட்டுக்கு மாற்றப்பட்டது. செஞ்சிக் கோட்டை அந்தக் காலத்தில் திண்டிவனம் தாலுகாவில் இருந்தது. ஒரு தாலுகாவுக்குள் கடற்கரை உப்பளமும் மலைக்கோட்டையும் சேர்ந்து இருந்திருக்கிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கடலூருக்குச் சாலை வழியாக 100 கிலோமீட்டருக்கு மேல். கல்வராயன் மலையில் இருப்பவர்கள் மலையிறங்கி கள்ளக்குறிச்சிக்கே வரவேண்டும், அங்கிருந்துதான் அந்த 100. திண்டிவனத்துக்காரர்களுக்கு இன்னொரு விதமான சங்கடம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி வழியாகப் போனால் கடலூர் சுமார் 60 கிலோமீட்டர். ஆனால் 1954 நவம்பர் 1 வரை புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் வசம். சொந்த மாவட்டத் தலைநகருக்குப் போக, நடுவில் அயல்நாட்டைத் தாண்ட வேண்டும்! சுங்கச் சோதனை வேண்டாம் என்றால் விழுப்புரம் போய்ச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தென்னாற்காட்டின் மக்கள்தொகை 48 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பரப்பு ஏறத்தாழ 11 ஆயிரம் சதுர கிலோமீட்டர். இத்தனைக்கும் ஒரே கலெக்டர், அவரும் ஓரத்தில். ஒரு மனு கொடுக்க ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், அன்றைக்கு அதிகாரி இல்லையென்றால் அடுத்த வாரம் மறுபடியும் அதே செலவு. இந்தச் செலவு எந்த அரசுக் கணக்கிலும் வராது. ஆனால் மாவட்டத்தைப் பிரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நியாயமான காரணமும் இல்லை.

பாகப்பிரிவினை

1993 செப்டம்பர் 30. ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது தென்னாற்காடு இரண்டானது. வடாற்காடு அதற்கு நான்கு வருஷம் முன்பே, 1989 செப்டம்பர் 30-இல், பிரிந்துவிட்டது.

விழுப்புரத்தை ஏன் தலைநகராக்கினார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ரயில் வரைபடத்தைப் பார்த்தால் போதும். சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் போகிற ஜங்ஷன் அது.

வணிகவியல் படிக்கிறவர்களுக்குக் கூட்டாண்மைக் கலைப்பு என்று ஒரு பாடம் உண்டு. கூட்டாளிகள் பிரியும்போது சொத்து எவ்வளவு, பொறுப்பு எவ்வளவு, யாருக்கு எது என்று கணக்குப் போட வேண்டும். தென்னாற்காட்டுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கடலூர் பக்கம் போனவை: கடலூர் துறைமுகம், சிப்காட் தொழிற்பேட்டை, 1956-இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனம், 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சிதம்பரம் கோயில், வடலூர்.

விழுப்புரம் பக்கம் வந்தவை: ரயில் ஜங்ஷன், செஞ்சிக் கோட்டை, மரக்காணம் உப்பளங்கள், ஆரோவில்லின் பெரும்பகுதி, கரும்பு, மல்லாட்டை, கல்வராயன் மலை.

பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு விழுப்புரத்துக்கு வந்தது. 7,200 சதுர கிலோமீட்டர் அளவில், தமிழ்நாட்டின் மிகப் பெரிய மாவட்டங்களில் ஒன்றாக அது ஆனது. ஆனால் சம்பளம் கொடுக்கிற ஆலைகளும், துறைமுகமும், பல்கலைக்கழகமும் பெரும்பாலும் கடலூரோடு போய்விட்டன. நிலம் ஒருவருக்கு, கடை இன்னொருவருக்கு என்று அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட மாதிரி.

கல்வராயன் மலை விழுப்புரத்தின் பங்கில் வந்தது என்று படிக்கும்போது ஒரு விஷயத்தையும் சேர்த்து நினைக்க வேண்டும். அந்த மலை ஜாகிர்தார்களின் கையிலிருந்து அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்ததே 1976-இல்தான். அரசாங்கம் என்று ஒன்று வந்து 17 வருஷத்தில் மாவட்டமும் மாறிவிட்டது அவர்களுக்கு.

நற்பெயர் யாருக்கு?

கலைப்புக் கணக்கில் ஓர் இடத்தில் எல்லா மாணவர்களும் தடுமாறுவார்கள். அது நற்பெயர். கையால் தொட முடியாது, ஆனால் மதிப்பு உண்டு. தென்னாற்காடு என்ற பெயருக்கும் அப்படி ஒரு மதிப்பு இருந்தது.

1993-இல் கடலூர் பகுதிக்கு வைத்த பெயர் "தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்". ஆக, பழைய பெயரைக் கடலூர் எடுத்துக்கொண்டது. விழுப்புரத்துக்கு "விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம்" என்று பெயர். எஸ்.எஸ். இராமசாமி படையாட்சியார் தொடங்கிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, 1952 சட்டமன்றத் தேர்தலில் 19 இடங்களில் வென்றது. 1954-இல் காமராஜர் அமைச்சரவையில் அவர் அமைச்சரானார். வன்னியர் சமூகத்தினர் பெரிய எண்ணிக்கையில் வாழும் பகுதிக்கு அவர் பெயரை வைத்ததில் ஓர் அரசியல் கணக்கும் இருந்தது.

அப்போது தமிழ்நாடு முழுக்க மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர் வைக்கிற பழக்கம். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடிய பஸ்களில் "தந்தை பெரியார்" என்று எழுதியிருக்கும். 1997-இல் தென்மாவட்டத்தில் ஒரு புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியதும் எதிர்ப்பு கிளம்பியது, சாதிக் கலவரமாக மாறியது, உயிர்கள் போயின. கருணாநிதி அரசு ஒரே முடிவாக எல்லா மாவட்டங்களிலிருந்தும், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. இராமசாமி படையாட்சியாரும் போனார், வள்ளலாரும் போனார். வள்ளலாரோடு ஒட்டிக்கொண்டிருந்த "தென்னாற்காடு"ம் போனது. நிலம் பிரிந்தது 1993-இல் என்றாலும் பெயர் செத்தது 1997-இல்தான்.

மூன்றாவது பங்கு

பெரிய மாவட்டம் என்ற பெருமை பெருமைக்கு மட்டும்தான் உதவும். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு 100 கிலோமீட்டர் 75, 80 ஆகக் குறைந்ததே தவிர, பிரச்சினை தீரவில்லை. 2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் மாவட்ட மக்கள்தொகை 34.5 லட்சத்தைத் தாண்டியது. தனி மாவட்டக் கோரிக்கை வளர்ந்தது. 2019 ஜனவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, மாநிலத்தின் 33-ஆவது மாவட்டமாகக் கள்ளக்குறிச்சி உருவாகும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு நவம்பர் 26-இல் மாவட்டம் தொடங்கியது. நான்கு நாள் முன்பே தென்காசி தொடங்கிவிட்டதால் கள்ளக்குறிச்சி 34-ஆவதாகிவிட்டது!

இந்தப் பிரிவினையில் கல்வராயன் மலை, உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் எல்லாம் கள்ளக்குறிச்சிக்குப் போயின. ஆண்டுதோறும் சித்திரையில் திருநங்கையர் கூடும் கூவாகமும் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இன்றும் இறங்கித் தங்குவது விழுப்புரத்தில்தான். மாவட்டம் பிரிந்தது ஜங்ஷனுக்குத் தெரியாது.

கள்ளக்குறிச்சிக்குக் கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார். 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. கணக்குப்படி லாபம்தான். ஆனால் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரத்திலேயே, கருணாபுரத்தில், கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நோயாளிகளில் பலரைச் சேலத்துக்கும், விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்துக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் கொண்டுபோக வேண்டியிருந்தது. அது மலைக்காட்டில் நடக்கவில்லை, மாவட்டத் தலைநகரத்திலேயே நடந்தது. அலுவலகம் பக்கத்தில் வருவது வேறு, நிர்வாகம் பக்கத்தில் வருவது வேறு என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் வேண்டியதில்லை.

செத்தும் சாகாத ஜில்லா

இவ்வளவு பிரித்த பிறகு தென்னாற்காடு முழுசாக ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. போலீஸில் விழுப்புரம் சரகம் என்று ஒன்று இருக்கிறது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மூன்றும் அதற்குள் வரும். பதிவுத்துறையில் கடலூர் மண்டலம் என்று ஒன்று. அதற்குள்ளும் இதே பகுதிகள்தான். வரைபடத்தில் வரைந்து பாருங்கள், பழைய தென்னாற்காடு அப்படியே எழுந்து உட்காரும்.

மாணவர்களுக்கு நெருக்கமான உதாரணம் பல்கலைக்கழகம். இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தன. 2002-இல் தொடங்கிய வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குப் பிறகு மாறின. 2021 தொடக்கத்தில் அதையும் பிரித்து விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் தனிப் பல்கலைக்கழகம் என்று சட்டம் வந்தது. ஆட்சி மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கச் சட்டம் வந்தது. ஒரே வருஷத்தில் ஒரு பல்கலைக்கழகம் பிறந்து கலைந்தது! விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரத்தின் கீழ் வந்தன. அதாவது கலெக்டர் கணக்கில் மூன்றான தென்னாற்காடு, மதிப்பெண் பட்டியலில் மறுபடியும் ஒன்றாகிவிட்டது. என்ன, சான்றிதழில் ஒரு பிழை திருத்த வேண்டுமென்றால் திண்டிவனத்து மாணவர் மறுபடியும் கடலூரைத் தாண்டிப் போக வேண்டும்.

சுந்தரர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த திருநாவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில். கிழவர் வேடத்தில் வந்த சிவன் அடிமை ஓலையைக் காட்டி வழக்காடிய திருவெண்ணெய்நல்லூர் விழுப்புரம் மாவட்டத்தில். இன்றைக்கு அந்த வழக்கு நடந்தால், இது எங்கள் எல்லைக்குள் வராது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்!

பேச்சும் அப்படித்தான். மற்ற ஊரில் வேர்க்கடலை, நிலக்கடலை என்பதை இங்கே மல்லாட்டை என்பார்கள். மணிலாக் கொட்டை என்பதன் மருவல். கடலூர்க்காரரும் மல்லாட்டை என்பார், திண்டிவனத்துக்காரரும் மல்லாட்டை என்பார். எந்த அரசாணையும் அதைப் பிரிக்கவில்லை.

இது இங்கே மட்டும் நடப்பதும் அல்ல. இங்கிலாந்தில் மிடில்செக்ஸ் என்ற கவுண்ட்டியின் நிர்வாகம் 1965-இல் கலைக்கப்பட்டு, பெரும்பகுதி லண்டனோடு சேர்ந்துவிட்டது. ஆனால் மிடில்செக்ஸ் கிரிக்கெட் அணி இன்றும் லார்ட்ஸில் ஆடுகிறது. கலைத்த அரசு போய்விடும், பழகிய பெயர் எங்கேயாவது ஒட்டிக்கொண்டு நிற்கும்.

திண்டிவனத்தின் கணக்கு

கடைசியாகத் திண்டிவனம். புளியங்காடு என்ற பொருளில் திந்திரிணிவனம் என்பதிலிருந்து வந்த பெயர். சென்னையிலிருந்து தெற்கே போகிற சாலை, புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் பிரிகிற இடம். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் இந்தப் பக்கத்துக்காரர். இவ்வளவு இருந்தும் பிரிவினை ஒவ்வொன்றிலும் திண்டிவனத்துக்குக் கிடைத்தது என்ன?

கடலூர் 60 கிலோமீட்டர், விழுப்புரம் 40 கிலோமீட்டர். ஆக, லாபம் 20 கிலோமீட்டர். நஷ்டப் பக்கம்: 1952 முதல் 2004 வரை திண்டிவனம் என்ற பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. தொகுதி மறுசீரமைப்பில் அது கலைக்கப்பட்டு 2009 முதல் விழுப்புரம் தொகுதி வந்துவிட்டது. தாலுகாவிலிருந்து மரக்காணம் தனியாகப் பிரிந்தது. இருந்தாலும் பதிவுத்துறைக்கும் பள்ளிக்கல்வித்துறைக்கும் திண்டிவனம் ஏற்கனவே ஒரு மாவட்டம்தான், கலெக்டர் மட்டும்தான் பாக்கி! அதனால் திண்டிவனத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மாவட்டம் வேண்டும் என்ற குரல் அடிக்கடி எழுகிறது.

அது நியாயமா என்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கேட்டால் நியாயம் என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டியது மரக்காணத்திலும் மேல்மலையனூரிலும். 1993-இல் எல்லோருக்கும் தூரம் குறைந்தது என்று சொன்னபோது, மரக்காணத்துக்குக் கணக்கு தலைகீழாகப் போனது. அதுவரை புதுச்சேரி வழியாக 60 கிலோமீட்டருக்குள் கடலூர், அதற்குப் பிறகு 70 கிலோமீட்டரில் விழுப்புரம். அவர்களிடம் அன்று யாரும் அளவு நாடா வைத்துப் பார்க்கவில்லை. புது மாவட்டம் வந்தால் மரக்காணத்துக்குத் தூரம் பாதியாகக் குறையும். மேல்மலையனூருக்கோ பெரிதாக எதுவும் மாறாது, அவர்களுக்குப் பக்கம் திருவண்ணாமலை.

எனவே அடுத்த முறை யாராவது புது மாவட்டம் கேட்டு மேடை போட்டால், தலைநகரம் எது, யார் பெயர் வைப்பது என்பதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் வரைபடத்தின் மூலையில் இருக்கிற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு கிளம்புகிற ஒரு அம்மா எந்த பஸ்ஸில் ஏறி, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்து, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் பிரிக்கலாம்.